தந்தை பெயர்: குப்பன்

வாக்காளர் பட்டியல் படிப்பது ஒரு வினோதமான பழக்கம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்து, கேப்ட்சாவோடு மல்லுக்கட்டினால் பாகம் பாகமாக இறக்கிக்கொள்ளலாம். பெரம்பூர் தொகுதியில் வியாசர்பாடித் தெருக்கள் வருகிற பாகங்களை நான் அப்படி உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு சின்னப் பெட்டி. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். இருபதுகளில் இருப்பவர்களின் பெட்டியில் எல்லா ஊரிலும் இருக்கிற அதே சந்தோஷ், அதே விக்னேஷ், அதே பிரியதர்ஷினி. வயது ஏற ஏற இரண்டாம் வரியில் வேறொரு தலைமுறை எட்டிப் பார்க்கும். தந்தை பெயர்: குப்பன். கணவர் பெயர்: குப்புசாமி. வயது மிகவும் ஏறினால் முதல் வரியிலேயே ஒரு குப்பம்மாள்.

முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு இறங்கி, அங்கிருந்தும் வெளியேறிக்கொண்டிருக்கிற பெயர் இது. பழைய பெயர்கள் எல்லாமே அப்படித்தான், கோவிந்தனும் போகிறான், கன்னியப்பனும் போகிறான், குப்பனுக்கு மட்டும் என்ன தனிக் கட்டுரை என்று கேட்கலாம். கோவிந்தன் ஒரு சாமியின் பெயர். குப்பன் ஒரு கணக்கு. அந்தப் பிள்ளைக்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்து தங்காமல் போனவர்களின் கணக்கு.

வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆயா சொன்ன மாதிரியே சொன்னால்: "முன்னாடி பொறந்தது ரெண்டும் பூட்டிருக்கும். மூணாவதாவது தங்கணுமில்ல? கொண்டும்போயி குப்பமேட்டுல போட்டு ஒரு பெரட்டு பெரட்டுவாங்க. பக்கத்து வூட்டுக்காரி எட்த்துனு வர்வா. அவகிட்ட ஒரு மொறம் தவுடு குட்த்து வாங்கிக்கணும். அப்பால அது நம்ம புள்ள இல்ல, வாங்குன புள்ள." குப்பையில் கிடந்ததால் குப்பன். தவிட்டுக்கு வாங்கியதால் சில ஊர்களில் தவிடன். பிச்சையாகக் கிடைத்ததாகக் கணக்குக் காட்டினால் பிச்சை, பிச்சையம்மாள். கூகுளை நடத்துகிறவரின் பெயரிலும் ஒரு பிச்சை உண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

இதில் நடப்பது ஒரு உரிமை மாற்றம். பிள்ளையைத் தேடி வருகிற எமனோ கண்ணேறோ அந்த வீட்டுக் கதவைத் தட்டினால், "இங்கே எங்கள் பிள்ளை யாரும் இல்லையே, இது குப்பையில் கிடந்தது" என்று சொல்லிவிடலாம். தவிடு கொடுத்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரி சாட்சி. பெயர்தான் ரசீது. சின்ன வயதில் அழுதால் "உன்னத் தவுட்டுக்கு வாங்குனோம்" என்று கேலி செய்வார்களே, நம்மில் பாதிப் பேராவது கேட்டிருப்போம். அது கேலியாக ஆரம்பித்த வாக்கியம் இல்லை. உயிர் காக்கச் சொன்ன பொய், ஆபத்து தீர்ந்த பிறகு கேலியாக மிஞ்சியிருக்கிறது.

தமிழர்கள் மட்டும் கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா. பெண்டா என்றால் குப்பைமேடு. வங்காளத்தில் மூன்று சோழிக்கு விற்று வாங்கிய பிள்ளை தின்கொரி, ஐந்து சோழிக்கு என்றால் பாஞ்ச்கொரி. பஞ்சாபிகளின் பெயர்களைப் பற்றி ரிச்சர்ட் டெம்பிள் 1883இல் ஒரு புத்தகமே போட்டார், அதில் இந்த இழிபெயர்களுக்குத் தனி இடம் உண்டு. சீனக் கிராமங்களில் 'நாய் தின்று மீந்தது' என்று பொருள் வருகிற பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வடிவம் மாறுகிறது. தெற்கே மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்பார்கள். நாகூர் தர்காவை ஒட்டிய கீழத் தஞ்சைப் பக்கம் பக்கிரிசாமி. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மண்ணாங்கட்டி. மேற்கே குப்பாயி, குப்பாத்தாள். வடக்கே செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பக்கம் குப்பன், குப்பம்மாள். வியாசர்பாடி என்பதே வந்து சேர்ந்தவர்களின் ஊர். பெரம்பூரில் பின்னி மில் என்று நாம் சொல்கிற பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 1870களின் பிற்பகுதியிலிருந்து ஆள் எடுக்க ஆரம்பித்தன. ரயில்வே பட்டறைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. வடக்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்றைக்கும் சாயங்காலத் தள்ளுவண்டிகளில் இருக்கிறது. ஆகவே இங்கே ஒரு பட்டியலில் குப்பன் வருவதால் அந்தக் குப்பைமேடு வியாசர்பாடியில் இருந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு அது ஒரு சின்னத் துப்பு, அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் தூரம் போக வேண்டும், அயர்லாந்துக்கு. காரணம் இருக்கிறது.

ஒரு பெயர் ஒரு நாட்டில் எங்கே, எந்த வயதினரிடம், எந்த வேலை செய்தவர்களிடம் இருந்தது என்று ஓசியில் தேடிப் பார்க்க உலகத்தில் உள்ள நல்ல இடங்களில் ஒன்று அயர்லாந்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் ஒவ்வொரு வீட்டின் படிவத்தையும் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் வீடு வரும், வயது வரும், மதம் வரும், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரும். இதுவும் தப்பிப் பிழைத்த ஆவணம்தான். 1821 முதல் 1851 வரையிலான படிவங்களில் பெரும்பகுதி 1922இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. 1861, 1871 படிவங்களை அரசே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகின.

மிஞ்சிய 1911 படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. திருமணமான பெண் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டங்கள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. டப்ளினின் ஹென்ரியட்டா தெருவில் அந்த ஆண்டு 15 வீடுகளில் 835 பேர் இருந்தார்கள். அந்த மாதிரித் தெருக்களின் படிவங்களைத் திறந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது நம் வேலை. விதவைகள் அந்தக் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. சிலர் நிரப்பினார்கள். கணக்கெடுப்பாளர் குறுக்கே கோடு போட்டு அடித்தார். கோட்டுக்கு அடியில் எண்கள் இன்னும் தெரிகின்றன. யாரும் கேட்காத கணக்கை அவர்கள் ஏன் சொன்னார்கள் என்று யோசித்தால் வேலையே ஓடாது.

அங்கேயும் பிள்ளைகள் செத்தார்கள். பெயர் விஷயத்தில் அவர்கள் செய்தது நேர் எதிர். செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்தது. முதல் பிரிஜெட் போனால் அடுத்தவளும் பிரிஜெட். பெயரை மட்டும் வைத்து அங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது, எண்ணைப் பார்க்க வேண்டும். இங்கே எண் இல்லை, பெயர் இருக்கிறது.

எண் ஏன் இல்லை? அதே 1911இல், மார்ச் 10ஆம் தேதி, இங்கேயும் கணக்கெடுப்பு நடந்தது. அயர்லாந்துக்கு மூன்று வாரம் முந்தி. வீடு வீடாகப் போய் அட்டவணையில் எழுதினார்கள், பெயர் உட்பட. பிறகு ஒவ்வொரு ஆளையும் ஒரு துண்டுச் சீட்டுக்கு மாற்றி, சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ணினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து 'குரூப் பை' என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதி, மதம், வயது, தொழில் எல்லாம் கூட்டலுக்குத் தேவை. பெயர் கூட்டலுக்குத் தேவையில்லை. தடித்தடியான அறிக்கைகள் வந்தன, மூலத் தாள்கள் கழிவுக் காகிதமாகப் போயின. இன்னொன்றும் உண்டு. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல ஆட்சேபித்தால் அந்த இடத்தில் வெறுமனே 'பெண்' என்று எழுதிக்கொள்ளலாம் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அனுமதி இருந்தது. தாள்கள் பிழைத்திருந்தாலும் குப்பம்மாள்களில் எத்தனை பேர் அதில் குப்பம்மாளாக இருந்திருப்பார்கள்?

சுதந்திர இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவுப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. அது நல்ல சட்டம்தான், இந்தக் காலத்தில் இன்னும் நல்ல சட்டம். ஆனால் அயர்லாந்து மாதிரி நூறு ஆண்டுக்குப் பிறகு திறப்போம் என்ற கெடு நம்மிடம் இல்லை. பூட்டு உண்டு, தேதி கிடையாது. 1981 முதல் இங்கேயும் மணமான பெண்களிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்: பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை. பதில்கள் மாவட்ட அளவில் கூட்டப்பட்டுக் குழந்தை இறப்பு மதிப்பீடுகளாக வெளிவருகின்றன. தெருவும் பெயரும் உள்ளேயே இருந்துவிடுகின்றன.

ஆக, வியாசர்பாடி மாதிரி ஓர் ஊரில் பெயரோடு கூடிய பொதுப் பட்டியல் என்றால் வாக்காளர் பட்டியல்தான். இங்கேயும் பெண்கள் எளிதாக உள்ளே வரவில்லை. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, நாடு முழுக்க, 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் சொல்லிச் சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளைச் சுகுமார் சென் தலைமையிலான ஆணையம் நீக்கியது. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. பெயர் சொன்னால்தான் ஓட்டு என்று அன்றைக்கே கறாராக நின்றதால், இன்றைக்கு எழுபது எண்பது வயதுப் பெண்களைப் பெயரோடு நம்மால் பார்க்க முடிகிறது.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது, எண்ணிவிடலாமே என்று தோன்றும். தொழில்புத்தி அப்படித்தான் ஓடும். முதல் சிக்கல் சாதாரணமானது: பட்டியல்கள் படமாக வருகின்றன, ஓசிஆர் போட வேண்டும், ஓசிஆருக்கு 'ப்ப'வும் 'ய்ய'வும் ஒன்றாகத் தெரியும் நேரங்கள் உண்டு. குப்பன், குப்பண், குப்பு, குப்புசாமி, குப்புஸ்வாமி, குப்பம்மா, குப்பம்மாள். ரெஜெக்ஸ் எழுதுகிறவருக்கு வேடிக்கையான ஒரு மத்தியானம். இதெல்லாம் தீர்க்கக்கூடியது.

இரண்டாவது சிக்கல் பேரன்கள். நம்மிடம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உண்டு. பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பார்கள். தாத்தா குப்பைமேட்டில் புரண்டவர், பேரன் அவருக்கு மரியாதையாகக் குப்பன். பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒன்று மரணச் செய்தி, இன்னொன்று குடும்பப் பாசம்.

மூன்றாவது சிக்கல்தான் என்னை உட்கார வைத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் வர 18 வயது ஆக வேண்டும், 1989க்கு முன்னால் 21. அதாவது நாம் பார்க்கிற ஒவ்வொரு குப்பனும் பிழைத்த குப்பன். குப்பையில் புரட்டியும், தவிடு கொடுத்து வாங்கியும், அந்தப் பெயரை வைத்தும், மூன்றாம் மாதம் பேதியில் போன குப்பன்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊரில் நடமாடுகிற ஒவ்வொரு குப்பனும் "பாரு, வைத்தோம், தங்கியது" என்பதற்குச் சாட்சி. பலிக்காத இடத்தில் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. ஒரு நம்பிக்கை நூற்றாண்டுக் கணக்கில் தோற்காமல் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. 1910களில் இந்தியாவில் பதிவான கணக்குப்படியே பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 200 ஓர் ஆண்டுக்குள் இறந்தன, பதிவாகாதவை வேறு. அதாவது ஐந்தில் நாலு தானாகவே தங்கும். பெயருக்குப் பெருமை போய்ச்சேரும்.

நான் அந்தத் தாய்மார்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை. கையில் ஓ.ஆர்.எஸ். இல்லை, தடுப்பூசி இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. இருந்தது பெயர் ஒன்றுதான். இருக்கிற ஆயுதத்தை எடுத்தார்கள்.

எல்லோரும் எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் இன்றும் ஆய்வு நிறுவனமாக இருக்கிற பெயர் சமஸ்கிருதப் பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரியுடையது. கோவையில் மருத்துவமனையாக நிற்கிற பெயர் குப்புசாமி நாயுடுவுடையது. பெயருக்குள் இருக்கிற குப்பை ஒன்றேதான். வித்தியாசம் வாலில் இருக்கிறது. சாஸ்திரிக்கும் நாயுடுவுக்கும் குப்பைக்குப் பின்னால் ஒரு சாமி ஒட்டிக்கொண்டது, அதற்குப் பின்னால் ஒரு சாதி ஒட்டிக்கொண்டது. சேரிக்காரனுக்குக் குப்பனோடு பெயர் முடிந்துவிட்டது. சாமி சேர்த்து வைத்தாலும் ஊர்த்தெருவில் யாரும் சாமி சேர்த்துக் கூப்பிட மாட்டார்கள். "ஏதோ குப்பன் சுப்பன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் வருவது குப்புசாமி சாஸ்திரி இல்லை. ஒரே பயத்தில் பிறந்த பெயர், ஒரு பக்கம் நிறுவனத்தின் பலகையில் ஏறியது, இன்னொரு பக்கம் 'யாரோ ஒருத்தன்' என்ற அர்த்தத்துக்கு இறங்கியது.

அயர்லாந்துப் பிரிஜெட்டுக்கும் இது நடந்தது. புனிதப் பெண்ணின் பெயர், 1911 படிவங்களில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிற பெயர். அமெரிக்காவுக்கு வீட்டு வேலைக்குப் போன அயர்லாந்துப் பெண்களைப் பார்த்து முதலாளிமார்கள் எல்லோரையும் 'பிடி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், பிரிஜெட்டின் சுருக்கம். அது கிண்டலாக ஆன பிறகு குடும்பங்கள் அந்தப் பெயரை வைக்கத் தயங்கின.

பெண்களின் பக்கம் வந்தால் இன்னொரு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருத்தணி அருகே நாராயணபுரம் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைப்பது சில ஆண்டுகளுக்கு முன் செய்திகளில் வந்தது. வேறு ஊர்களில் போதும்பொண்ணு. குப்பம்மாளும் வேண்டாமும் கேட்பதற்கு ஒரே குடும்பத்துப் பெயர் மாதிரி இருக்கும். இல்லை. 'வேண்டாம்' என்பது கடவுளுக்கு எழுதிய மனு, அடுத்தது ஆணாகக் கொடு என்று. சொன்னதை அப்படியே அர்த்தப்படுத்துகிற பெயர். குப்பம்மாள் பொய் சொல்கிற பெயர். வேண்டும் என்பதால்தான் வேண்டாதது மாதிரி நடித்தார்கள். முந்தைய பிள்ளைகளை இழந்த ஒரு வீடு, பிறந்தது பெண்ணாக இருந்தும், இவளாவது தங்கட்டும் என்று முறம் நிறையத் தவிடு கொடுத்திருக்கிறது. வியாசர்பாடிப் பட்டியலின் வயதான குப்பம்மாள்களை நான் அப்படித்தான் படிக்கிறேன். விரும்பப்பட்ட பெண்கள் என்பதற்கு எழுத்துபூர்வமான அத்தாட்சி.

பெயர் எப்போது போனது? மரணம் குறைந்ததும் பெயர் குறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். 1971இல் தமிழ்நாட்டில் 1000 பிறப்புக்கு 113 குழந்தைகள் ஓர் ஆண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. 2020இல் 13. ஆனால் 1971ஐ ஒட்டிப் பிறந்து இன்றைக்கு ஐம்பதுகளில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்: குமார், ரவி, செல்வி, கலா. சாவு அப்போதும் பக்கத்தில்தான் இருந்தது, பெயர் முன்னாலேயே விலகத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு வந்ததும், வாத்தியார் சத்தமாகக் கூப்பிடுகிற பெயராக அது ஆனதும் கணக்கு மாறியது என்பது என் எண்ணம். எமனை ஏமாற்றிய பெயரால் வகுப்பறையை ஏமாற்ற முடியவில்லை. அரசிதழின் பெயர் மாற்ற அறிவிப்புகளைப் புரட்டினால் அந்த வடிவம் தெரியும்: இன்னார் மகன், இன்ன தேதியில் பிறந்தவன், இனி இன்ன பெயரால் அறியப்படுவேன். பெற்றோர் செய்த தவிட்டு வியாபாரத்தைப் பிள்ளை வந்து ரத்து செய்கிற பத்திரம்.

குப்பையும் பழைய குப்பை இல்லை. கிராமத்துக் குப்பைமேடு என்பது சாணியும் சாம்பலும் வைக்கோலும். அடுத்த மழைக்கு வயலுக்குப் போகிற எரு. அதில் பிள்ளையைப் புரட்டுவதில் ஒரு அர்த்தம் இருந்தது, அழுகி உரமாகி முளைக்கிற இடம் அது. வியாசர்பாடிக்காரர்களுக்குக் குப்பை என்றால் பக்கத்துக் கொடுங்கையூர். வடசென்னையின் கழிவெல்லாம் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்படும் மேடு, நெருப்புப் பிடித்தால் நாட்கணக்கில் புகை. அங்கே எரியுலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் நின்றது நம் பிள்ளைகளின் மூச்சுக்காக. அந்த மேட்டில் எந்த ஆயாவும் பிள்ளையைப் புரட்ட மாட்டாள்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தபோது பழைய குப்பன்களுக்குத் திடீரென்று வேலை வந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயரையோ, பெற்றோர் பெயரையோ காட்டுங்கள் என்றது படிவம். குடிசை மாற்றத்தில் பெரும்பாக்கத்துக்கும் வேறெங்கோவும் போனவர்கள், வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள் எல்லாம் அப்பன் பெயரைத் தேடினார்கள். அப்பா ஒரு இடத்தில் குப்பன், ரேஷன் கார்டில் குப்புசாமி, அரசு ஊழியர் தட்டச்சு செய்த இடத்தில் குப்பண். எமனிடம் ஆள் அடையாளத்தை மறைக்க வைத்த பெயர், அரசாங்கத்திடம் ஆள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தேடலும் இன்னும் ஒரு தலைமுறைக்குத்தான். பிறகு இரண்டாம் வரியிலும் குப்பன் இருக்க மாட்டார். அவருக்கு முன்னால் பிறந்தவர்களைத் தேட வேண்டுமென்றால் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள்தான் கதி. பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கும் விதி அப்படித்தான். பெயர் வைக்கும்வரை இருக்காத பிள்ளைக்கு இரண்டு பதிவேட்டிலும் ஒரே சொல்தான் எழுதியிருப்பார்கள், ஆண் என்றோ பெண் என்றோ. பெயர்க் கட்டம் காலி.